குழாய்ப் பாலிலிருந்து தட்டுச் சோற்றுக்கு

பிறந்த நாள் முதல் மூக்குக் குழாய் வழியாகவே பால் குடித்து வந்த என் மகன், மூன்று வயது நிறையும் முன்பே, இந்தத் தை மாதம் முதல் முழுக்க வாயால் உண்கிறான். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் இதே நிலையில் இன்னும் சில குழந்தைகள் இருப்பதாகக் கிராம சுகாதார செவிலியர் சொன்னார். அவர்களின் பெற்றோர் நாங்கள் அலைந்ததுபோல் அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மகன் 29 வாரத்தில் பிறந்தவன். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்குக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரம் நிறைய வேண்டும் என்பதால், தொடக்கத்தில் குழாய் போட்டதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. நுரையீரல் தொல்லையும் எதுக்களிப்பும் சேர்ந்துகொள்ள, குழாயோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை எப்போது, யாருடைய மேற்பார்வையில், எப்படி எடுப்பது என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது “குழாய் உணவு தொடரவும்” என்ற ஒற்றை வரிதான்.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில், பேச்சோடு விழுங்கும் பயிற்சியும் தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே, குழாய் போட்ட காரணம் என்ன என்பதுதான். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா, அல்லது குடிக்கத் தெம்பில்லாததால் போட்டார்களா என்பது தெரியாமல் வாயில் எதையும் வைக்க அவர் ஒப்பவில்லை. அது முற்றிலும் நியாயம். ஆனால் பிறந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர், மகனின் பெயரைத் தேடிவிட்டு, “அப்படி ஒரு குழந்தை அட்மிஷனே இல்லீங்களே” என்று கைவிரித்தார். பலமுறை திரும்பி வந்த பிறகு, அங்கிருந்த செவிலியர் ஒருவர்தான் வழி காட்டினார். பச்சிளங்குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் முன்பே கோப்பு திறக்கப்படுவதால், அது ‘பேபி ஆஃப்’ என்று தாயின் பெயரில் இருக்குமாம். என் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கொடுத்ததும் கோப்பு கிடைத்துவிட்டது. அந்த எண் எழுதிய சீட்டைத் தயவுசெய்து எவரும் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்த வீண் பயணம் திருச்சிக்கு. பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து, அது போகும் வழியை ஓடும் எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். விடியற்காலைப் பேருந்துக்காகக் குழந்தைக்கு வழக்கம்போல் குழாயில் பால் கொடுத்தே கிளம்பினோம். பசியோடு அழைத்து வர வேண்டும் என்று தேதி சொன்ன முகப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயிறு நிறைந்திருந்தவன் வாயைத் திறக்கவே இல்லை, சோதனை பல வாரம் தள்ளிப்போனது. கடைசிப் பால் எத்தனை மணிக்கு, என்னென்ன உணவு கொண்டுவர வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பழகிய கரண்டியையும் கிண்ணத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த இடைவெளியில் வேறொரு மருத்துவர், “குழாய எடுத்துப் போட்டுட்டு சங்குல புகட்டுங்கம்மா, பசிச்சா தானா முழுங்குவான்” என்றார். நல்ல வேளையாக நாங்கள் காத்திருந்தோம். நீர்த்த பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, அப்போது அவனுக்கு இருமல்கூட வருவதில்லை என்பது அந்தச் சோதனையில் தெரிந்தது. கெட்டியான கூழ் மட்டும் சரியாக இறங்கியது. சோதனை பார்க்காமல் சங்கைக் கையில் எடுக்கச் சொல்பவர் எவராக இருந்தாலும் கேட்காதீர்கள் என்று மன்றாடியே சொல்கிறேன்.

பாதுகாப்பான உணவு எது என்று தெரிந்துவிட்டாலும் அவன் உண்ணவில்லை. முகத்துக்கு அருகில் வந்த கைகளெல்லாம் பிளாஸ்திரி பிய்க்கவும் குழாய் நுழைக்கவுமே வந்திருக்கின்றன. நேரம் தவறாமல் இறங்கிய பாலால் பசி என்ற ஒன்றையே அவன் அறிந்ததில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் குழாயிலிருந்து குழந்தைகளை விடுவிக்கும் முறையைப் பற்றித் தெரபிஸ்ட் விளக்கினார். மருத்துவர் மேற்பார்வையில் குழாய்ப் பாலைக் குறைத்துப் பசியை வரவிடுவதும், உணவைக் குழந்தையின் எட்டும் தூரத்தில் பரப்பி வைத்துவிட்டு யாரும் ஊட்டாமல் இருப்பதும் அதன் அடிப்படை. எங்கள் மருத்துவர் எடை எவ்வளவு வரை குறையலாம் என்று எழுதிக் கொடுத்தார். வாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே தராசில் எடை பார்த்தோம். பகலில் குழாய்ப் பாலைக் குறைத்தோம், தண்ணீர் மட்டும் குழாயிலேயே போனது.

தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கேழ்வரகுக் கூழும் மசித்த பூவன் பழமும் குழைந்த தயிர்சோறும் வைத்தோம். அவன் அவற்றைத் தரையில் தேய்த்தான், தலையில் பூசிக்கொண்டான். “சோத்த இப்படி இறைக்க விடலாமா? ஒரு வாய் நான் ஊட்டிடறேன்” என்று மாமியார் தவித்தார். “இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அத்தை” என்று அவரைத் தடுத்து வைப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. கடைசியில் அவன் முதன்முதலாக வாயில் வைத்துச் சுவைத்தது, நான் சமைத்துப் பரப்பிய எதையுமே அல்ல. அத்தையின் தட்டிலிருந்த வற்றல் குழம்பில் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு, மறுபடியும் கையை நீட்டினான். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு அவன் எங்களோடு பந்தியில் உட்காராத வேளை இல்லை.

இதன் பயன் மகளுக்கும் கிடைத்தது. காய் என்றாலே தட்டைத் தள்ளுபவள் அவள். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோர் பொறுப்பு, உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த முறையை அவளுக்கும் பின்பற்றினோம். ஒரு புதிய உணவை 8 முதல் 15 முறை வரை கண்ணில் காட்ட வேண்டியிருக்கும் என்பார்கள். கைப்பேசி காட்டி ஊட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் விரும்பும் அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு பூசணியை வைத்துக்கொண்டே வந்தோம். இப்போது பூசணிக் கூட்டை அவளாகவே கேட்கிறாள்.

பார்க்க வருபவர்கள் முறுக்கும் கடலை மிட்டாயும் கொண்டுவந்தால் வாங்கி மேலே வைத்துவிடுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மறு சோதனையில் நீர்த்த உணவும் பாதுகாப்பு என்று உறுதியான பிறகே எங்கள் மகனுக்குக் குழாயை எடுத்தார்கள். காய்ச்சலிலோ சளியிலோ உண்பது நின்றுபோனால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், எந்தப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே எழுதிக் கையொப்பத்துடன் வாங்கிவிட்டேன். நீங்களும் அந்தத் தாள் இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.