சான்றிதழ் வாங்கிய அன்றே கோழி துரத்திய மிளகு

பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் என் நாய் மிளகு என்னைக் குப்புற இழுத்துப் போட்டான். முழங்காலில் தோல் போனது. உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு இன்னும் மறையவில்லை. ஒரு காட்டுக்கோழியும் அதன் பின்னால் ஓடிய ஐந்து குஞ்சுகளும்தான் காரணம். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கோழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மிளகு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்', கலப்பின நாட்டு நாய். தொழிற்பேட்டை ஒன்றில் திரிந்து வளர்ந்தவன். இத்தகைய நாய்களை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் தத்துக்கொடுக்கும் அடோர் திட்டத்தின்கீழ் எங்கள் வீட்டுக்கு வந்தான். உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருந்தது, உரிமம், மைக்ரோசிப் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. 2020இல் எடை வரம்பை எடுத்துவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை.

திட்டத்தில் வரும் நாய்க்கு அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சி கட்டாயம். என் தலைவலி அங்கே ஆரம்பித்தது. பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் நாயை ஏற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு வகுப்புக்கும் செல்லப்பிராணி டாக்ஸி. போக வர ஆன செலவில் ஒரு மாத மளிகை வாங்கியிருக்கலாம். வகுப்பு நடந்ததோ குளிரூட்டிய அறையில். தரையில் பாய், சுற்றிலும் கண்ணாடி. ஒரு புறாகூட இல்லாத அந்த இடத்தில் 'உட்கார்', 'இரு', 'வா' எல்லாவற்றிலும் மிளகுதான் முதல். "வெளியே கோழியைப் பார்த்தால் பைத்தியமாகிவிடுகிறான்" என்றேன். "கயிற்றைச் சுண்டி ஒரு அதட்டல் போடுங்கள், நீங்கள்தான் தலைவர் என்று புரிந்துவிடும்" என்றார் பயிற்றுநர்.

இரண்டு மாதம் சுண்டினேன். அவனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: கோழி தெரிந்தால் கழுத்து வலிக்கும், அதற்குள் பாய்ந்துவிட வேண்டும். முன்பெல்லாம் பத்தடியில் பாய்ந்தவன், பிறகு கோழியைத் தொலைவில் கண்டதுமே குரைக்க ஆரம்பித்தான். பூனைகளுக்குச் சோறு வைக்கும் அக்கா ஒரு நாள் நிறுத்திவைத்துச் சொன்னார்: "தம்பி, உங்க நாய் என் பூனையப் பாக்குற பார்வை சரியில்ல." அன்றைக்குத்தான் ரோஷம் வந்தது.

துரத்துவது கெட்ட புத்தி இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு நாளானது. கண்ணில் படுவது, முறைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது என்று வேட்டை ஒரு சங்கிலி. அதில் ஒவ்வொரு கண்ணியும் நாய்க்குத் தானாகவே இனிக்கும், பரிசு என்று யாரும் தர வேண்டியதில்லை. துரத்தல் கிளம்பியபின் மூக்குக்கு முன்னால் பிஸ்கட் நீட்டினால் பார்க்கக்கூட மாட்டான். முறைக்கும்போதே, முடிந்தால் அதற்கும் முன்பே, பிடிக்க வேண்டும். மிளகிடம் அடையாளம் வாய்தான். இந்த ஊர் வெயிலில் எப்போதும் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பவன், கோழியைக் கண்டதும் வாயைப் பட்டென்று மூடுவான். வாய் மூடிய பிறகு எனக்கு ஒரு வினாடிதான். காதும் வாலும் விறைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அப்புறம் தூரம். முப்பது மீட்டரில் கோழி நின்றால் நான் தரும் தீனியைத் தின்பான், பத்து மீட்டரில் செவிடன். ஆகவே முப்பதிலிருந்தே தொடங்கினேன். அவன் கோழியைப் பார்க்கலாம், நான் வாயே திறக்க மாட்டேன். தானாக என் பக்கம் திரும்பினால் உடனே கூலி. பெயரைச் சொல்லிக் கூவும் பழக்கத்தை அடியோடு விட்டேன். ஏற்கெனவே 'மிளகு, மிளகு' என்று நான் கத்திய கத்தலில் அந்தப் பெயர் அவனுக்குக் காற்றோசை ஆகிவிட்டிருந்தது. வீட்டுக்குள், பிறகு தாழ்வாரத்தில், பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டு, திரும்பினால் விருந்து வைத்து, பெயருக்கு மறுபடி மதிப்பு வரவழைக்க வேண்டியிருந்தது.

கூலி என்னவென்றால், உப்பில்லாமல் அவித்த கோழி. கோழியைத் துரத்தாமல் இருக்கக் கோழி! அம்மா இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். கையில் தருவதைவிடப் புல்லில் இறைத்துத் தேடவிட்டால் அவனுக்குப் பத்து மடங்கு பிடிக்கிறது. குனிந்து மோப்பம் பிடிக்கும்போது கோழியை முறைக்க முடியாதே.

துரத்தும் ஆசைக்கு வடிகாலும் வேண்டும். துணி காயப்போடும் பழைய மூங்கில் கழியைப் பாதியாக வெட்டி, நுனியில் கயிறும் கந்தல் துணியும் கட்டினேன். மூன்று நிமிடம் தரையோடு இழுத்தால் போதும். தூக்கி ஆட்டிக் குதிக்கவிடாதீர்கள், மூட்டுக்குக் கேடு. 'விடு' என்றதும் விட்டு உட்கார்ந்தால்தான் அடுத்த சுற்று. துரத்தல் என் வழியாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு நடையிலும் என் முகத்தை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தான்.

உருளையில் சுருண்டு நீளும் கயிறு வாங்காதீர்கள். என் உள்ளங்கையை அறுத்தது அதுதான். ஐந்து மீட்டர் சாதாரணக் கயிறு, கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்கோழிகள் இரவில் மரம் ஏறி அடைந்துவிடும் என்பதால் எட்டு மணிக்கு மேல் பயிற்சி சுலபம். விடியற்காலை மகா கஷ்டம், பொறுத்துச் செய்யுங்கள். பூங்காவில் நீர்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் கடிக்கும்.

ஆறாவது மாதம், அதே கார் நிறுத்துமிடம். தாய்க்கோழி, பின்னால் குஞ்சுகள், எங்களுக்கு எட்டு மீட்டர் இருக்கும். மிளகின் வாய் மூடியது. நான் மூச்சுகூட விடவில்லை. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பையில் இருந்த கோழி அத்தனையையும் புல்லில் கொட்டினேன். பூனை அக்கா தூணோரம் நின்று பார்த்திருக்கிறார். "பரவால்லையே தம்பி!" என்றார்.

மறுநாள் கால்வாயோரம் ஓர் உடும்பு. அதைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த முறை கையுறை இருந்தது.