ஜூடிட் போல்காரின் ஒரே ஆட்டத்தோடு மூன்று வாரம்

2002 செப்டம்பர், மாஸ்கோ. ரஷ்ய அணிக்கும் உலக அணிக்கும் நடந்த ராபிட் (நேரம் குறைத்து வேகமாக ஆடும்) சதுரங்கப் போட்டியில் ஹங்கேரி வீராங்கனை ஜூடிட் போல்கார் முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஆட்டம், மொத்தம் 42 நகர்த்தல். வெள்ளைக்காய் ஜூடிட்டுக்கு. ஆட்டக் குறிப்பில் அவர் நகர்த்தலை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, நானாக யோசித்துக் காயை வைத்தபின் அட்டையை விலக்கிப் பார்க்கிறேன். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதுதான் வேலை.

முதல் வாரம்: எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணியும் வெட்டுப்பட்டுப் போயின. தாக்கி ஆடுவதற்குப் பேர்போனவர் ஆட்டத்தில் இப்படியா என்று சப்பென்று ஆகிவிட்டது. காஸ்பரோவ் எடுத்தது பெர்லின் தடுப்பு என்ற தொடக்க ஆட்டமுறை. 2000-ல் லண்டனில் இன்னொரு ரஷ்யரான கிராம்னிக் அவரிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறிக்க உதவிய அதே தடுப்பு.

இரண்டாம் வாரம்தான் விஷயம் பிடிபட்டது. ராணியை ராஜாவே வெட்டியதால் கறுப்பு இனிமேல் கோட்டை கட்ட (ராஜாவை யானைப் பக்கம் பாதுகாப்பாக ஒதுக்க) முடியாது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டதில், ஏ8 மூலையில் இருந்த கறுப்பு யானை 30-வது நகர்த்தல் வரைக்கும் அசையவே இல்லை! ஜூடிட் அந்த நேரத்தில் ஒவ்வொரு காயாக முன்னால் கொண்டுவந்துவிட்டார்.

இடையிடையே அவர் வாழ்க்கையையும் படித்தேன். 1976-ல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டி ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். அப்பா லாஸ்லோ மூன்று பெண்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தார். ஜூடிட் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். மிக இளம் வயதில் அந்தப் பட்டம் பெற்றவர் என்று அதுவரை அமெரிக்காவின் ஃபிஷர் வைத்திருந்த சாதனை உடைந்தது. பெண்களுக்கான உலகப் பட்டத்துக்கு அவர் போட்டியிடவே இல்லை. ஆண்களோடு ஆடியே 2005-ல் 2735 ரேட்டிங்கும் (ஆட்டத்திறன் புள்ளி) உலகத் தரவரிசையில் எட்டாம் இடமும் பெற்றார். என்னைக் கேட்டால் அந்தப் பிடிவாதம்தான் அவரை ஜூடிட் ஆக்கியது.

மூன்றாம் வாரம்: 35-வது நகர்த்தலில் நின்றுவிட்டேன். கறுப்பு யானை செக் மேல் செக் வைக்கிறது. நான் பயந்து ராஜாவை ஜி2 கட்டத்துக்கே திருப்பினேன். அப்படியே போனால் அதே நிலை திரும்பத் திரும்ப வந்து டிரா. அட்டையை விலக்கினேன்: ராஜா இ4. நட்ட நடுப் பலகைக்கு, தைரியமாக நடந்து! அதற்குப்பின் இரண்டு வெள்ளை யானையும் ஏழாம் வரிசையில் ஏறி உட்கார்ந்தன, காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்.

நேற்றும் அந்த ராஜாவை எஃப்3-லிருந்து இ4-க்கு நாலைந்து தடவை நகர்த்திப் பார்த்தேன்.