எண்ணெய் இறங்கிய மண்ணில் என்ன நடக்கிறது?

எரிஎண்ணெய் சிந்திய மண்ணில் உயிரே இருக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதைவிடச் சிக்கலானது. அந்த மண் காய்ந்தபின் அதன்மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தால், துளிகள் உள்ளே இறங்காமல் முத்துப்போல் உருண்டு நிற்கும். துகள்களின் மேல் படிந்த எண்ணெய்ப் படலம் நீரைத் தள்ளுவதோடு, இடையிலுள்ள துளைகளை அடைத்துக் காற்றோட்டத்தையும் குறைக்கிறது.

ஆனால் நுண்ணுயிர்கள் எல்லாம் மடிந்துவிடுவதில்லை. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எண்ணெயின் முக்கியக் கூறான, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பனையே உணவாக்கிப் பெருகுவதால், மொத்த எண்ணிக்கை சில நேரம் கூடவும் செய்யும். பெரும்பாலும் குறைவது அவற்றின் வகைகள்தான். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து மண் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு என்பேன். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் எளிதில் அடிபடுகின்றன. போதாக்குறைக்கு, எண்ணெயில் கார்பன் மிகுதி, நைட்ரஜனோ சொற்பம். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தமக்கே இழுத்துக்கொள்வதால், பயிர் வெளிறி மஞ்சளாகக்கூடும். மாசுபட்ட மண்ணைக் கிளறிக் காற்றுப்படச் செய்து, இவ்விரு சத்துகளையும் உரமாக இடுவது இதனால்தான். இலேசான கூறுகள் ஆவியாகியோ சிதைந்தோ விரைவில் குறைந்துவிட, கார்பன் அணுக்கள் பல வளையங்களாகப் பிணைந்த அரோமாட்டிக் சேர்மங்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன.