உயர ஊசிக்கு முன் எடைக் கோட்டைப் பாருங்கள்

உணவியல் ஆலோசகராகிய என்னிடம், குழந்தை குட்டையாக இருக்கிறது என்று வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் எத்தனை சென்டிமீட்டர் கூடும் என்பதைத்தான். கடந்த ஓராண்டில் எடை எவ்வளவு கூடியது என்று நான் திருப்பிக் கேட்கும்போது பலரிடம் பதில் இருப்பதில்லை. எனக்கோ அந்த எடைதான் முதல் தடயம்.

உணவு போதாமல் வளர்ச்சி தடைப்படும் குழந்தைக்கு, வளர்ச்சி அட்டையில் முதலில் எடைக் கோடு சரியும். உயரக் கோடு சில காலம் கழித்தே சரியத் தொடங்கும். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தையோ உயரத்தில் பின்தங்கினாலும், உயரத்துக்கு ஏற்ற எடையுடன், பல வேளைகளில் சற்றுக் கொழுகொழுவென்றே இருக்கும். இந்த வேறுபாடு மட்டுமே நோயைத் தீர்மானித்துவிடாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி, ஐஜிஎஃப்-1 என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. எலும்பு நீள்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு. கடுமையான சத்துக்குறைவில் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்திருந்தாலும் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை, ஐஜிஎஃப்-1 குறைந்தே கிடக்கிறது. ஆகவே, மெலிந்த குழந்தைக்கு ஐஜிஎஃப்-1 குறைவு என்ற ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு ஹார்மோன் குறைபாடு என்று முடிவு கட்டுவது அவசரம். பருமனான குழந்தையிடம் வேறு விதமாகக் குழப்பம் நேரலாம்: சுரப்பி நலமாக இருந்தும், குளோனிடின் போன்ற மருந்து கொடுத்து ஹார்மோன் சுரப்பைத் தூண்டி அளக்கும் சோதனையில் ஹார்மோன் குறைவாகக் காட்டக்கூடும்.

நம் நாட்டில் இந்தக் கவனம் கூடுதலாகவே தேவை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 25 விழுக்காட்டினரும் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஹார்மோன் குறைபாடோ பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. தைராய்டு குறைவு, பெண் குழந்தைகளில் எக்ஸ் குரோமோசோம் குறையால் வரும் டர்னர் குறைபாடு, வட இந்தியாவில் அதிகம் காணப்படும் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் ஆகியவற்றையும் விலக்கியாக வேண்டும். உயரம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் மாவு டப்பாக்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பருப்பும் பாலும் தாராளமாக வாங்கலாம்.

உண்மையிலேயே குறைபாடு உறுதியானால் ஊசி மிக நல்ல மருந்து. 1985 வரை இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்தே எடுக்கப்பட்ட இந்த ஹார்மோன், அதன் வழியே சிலருக்குக் கொடிய மூளை நோய் பரவியது தெரிந்தபின் கைவிடப்பட்டது. இன்று கிடைப்பது மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்யப்படுவது. பொதுவாக நாள்தோறும் இரவில் தோலுக்கடியில் போடும் இம்மருந்து கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டுவதால், ஏற்கெனவே ஒல்லியான பிள்ளை மேலும் மெலிந்ததுபோல் தோன்றலாம். எனவே சிகிச்சைக் காலத்தில் உயரத்தோடு எடையையும் குறிக்கச் சொல்கிறேன். போதிய கலோரியும் புரதமும் இல்லையென்றால் விலையுயர்ந்த ஊசியின் பலனும் குறையும். எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு ஊசியாலும் உணவாலும் உயரம் கூடாது என்பதால், ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளரும் பள்ளிப் பிள்ளையைப் பருவமடையும் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.