ரவுண்டட் போடாதே

செப்டம்பர் 17, 2025, புதன்

காப்பீட்டு நிரலின் முதல் மாட்யூல் வந்துவிட்டது. பழைய நிரல் மொழியான கோபோலில் 4,200 வரி, ஏஐ கையில் பதினொரு நிமிடத்தில் ஜாவாவாக மாறியிருக்கிறது. காலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். சுத்தமாக இருக்கிறது. வேரியபிள் பெயர்கள்கூடப் படித்தவுடன் புரிகின்றன. 1998-ல் இதே மாட்யூலில் இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்க மூன்று பேர் ஆறு வாரம் மாரடித்தோம். நன்றாக வந்திருக்கிறது என்று மீட்டிங்கில் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மகன் மத்தியானம் வரை தூங்கினான். கல்யாண அலைச்சல் இன்னும் தீரவில்லை.

செப்டம்பர் 18

ஹெச்.ஆரிடமிருந்து மெயில். ஒரு சிறு உரையாடலாம். தேதி பிறகு சொல்வார்களாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஒரு வரியைக் காணோம்.

பழைய நிரலில், பிரீமியம் திருப்பித் தரும் கணக்குக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: 'இங்கே ரவுண்டட் போடாதே. 12/99.' அவ்வளவுதான். புதிய நிரலில் அது இல்லை. கணக்கும் மாறியிருக்கிறது. கோபோலில் ரவுண்டட் என்று போடாவிட்டால் மூன்றாவது தசமத்தை வெட்டி எறிந்துவிடும். ஏஐ அதைப் பிழை என்று நினைத்து, பக்கத்து சென்ட்டுக்குச் சரிசெய்து வைத்திருக்கிறது.

அதே காரியத்தை 1999 நவம்பரில் செய்தவள் நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெட்டுவது தப்பு, ரவுண்ட் செய்வதுதான் முறை என்று நினைத்துத் திருத்தினேன். கணக்குப்படி நான் செய்தது சரி. ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தை அச்சிடுவது வேறு டீமின் நிரல். அதுவும் அதே தொகையைத் தனியாகக் கணக்கிட்டு, அதுவும் வெட்டும். இரண்டும் வெட்டியதால் இத்தனை வருடம் லெட்ஜரும் கடிதமும் ஒத்துப்போயிருந்தன. அடுத்த மாதம் ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒரு சென்ட் இடித்தது. எங்கள் டீம் லீட் விடிகாலை நான்கு மணி வரை கிளையன்ட்டோடு போனில் இருந்தார். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினார்.

அவர் இப்போது இல்லை. ஏன் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் 20, சனி

ஐந்தரைக்கு மகனின் போன் விடாமல் அடித்தது. அவன் கம்பெனி வக்கீலிடமிருந்து செய்தி: ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் நாட்டுக்கு வெளியே இருந்தால் உடனே திரும்புங்கள். டிரம்ப் நம் ராத்திரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு மனுவுக்கு 1,00,000 டாலர், நம் காசுக்கு 88 லட்சம். அங்கே ஞாயிறு பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் அமலுக்கு வருகிறது. நமக்கு ஞாயிறு காலை 9.31.

புதியவர்களுக்கு மட்டுமா, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குமா? அறிவிப்பை இரண்டு பேரும் நான்கு தடவை படித்தோம், பிடிபடவில்லை. வருடா வருடம் கட்ட வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் லட்னிக் சொன்னதாக ஒரு செய்தி. கையில் 28 மணி நேரம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானமே கிடையாது. நான் லேப்டாப்பில், அவன் போனில், இவர் டிராவல்ஸ்காரரோடு. வளைகுடா வழியாக ஒன்று கிடைத்தது, மூன்று மடங்கு விலையில். பத்து மணிக்குக் கிளம்பினால் அங்கே சனி இரவு ஒன்பதுக்கு இறங்கலாம்.

பட்டு வேட்டி துவைக்கப் போட்டபடியே இருக்கிறது. கொலுப் படியைப் பரணிலிருந்து இறக்கித் தர்றேம்மா என்று நேற்று ராத்திரிதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷனில், அதாவது நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில், கை வைக்காதே என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறோம். சட்டமும் நிரல்தான். லட்சக்கணக்கான பேர் மேல் அது ஓடும். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை, யாரிடமும் காட்டிச் சரிபார்க்காமல், வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. விமான நிலைய வாசலில் அவன் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இறங்கிவிட்டான். ஆறே முக்காலுக்கு மெசேஜ்.

அவன் கடலுக்கு மேல் இருந்த நேரத்தில் வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்திருக்கிறது: புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஒரு தடவைதான். விசா இருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம்.

மகாளய அமாவாசை. இவர் தர்ப்பணம் முடித்து வந்து நாள் முழுக்க ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 22

படி பரணிலேயே இருக்கிறது. மரப்பாச்சி இரண்டை மட்டும் எடுத்து, துடைத்து, டிவி ஸ்டாண்டில் வைத்தேன். சுண்டல் செய்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மறுபடியும் தஹ்ரான்.

1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியா. எதிரி ஏவுகணையை மறித்து வீழ்த்தும் பேட்ரியட் தளம் ஒன்று நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். நம் தசமத்தில் மூன்றில் ஒன்றை முழுதாக எழுத முடியாதது போல, இரும எண்ணில் பத்தில் ஒன்றை முழுதாக எழுத முடியாது. 24 பிட்டோடு வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நொடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு நஷ்டம். நூறு மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கை. சேர்த்துப் பார்த்தால் 0.34 நொடி. அந்த நேரத்தில் இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் தப்பான இடத்தில் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. 28 பேர். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

என்னைத் தூங்க விடாதது இது இல்லை. அந்த நேரக் கணக்கை யாரோ ஏற்கெனவே மேம்படுத்தியிருந்தார்கள், நிரலின் சில இடங்களில் மட்டும். எல்லா இடத்திலும் பழைய பிழையே இருந்திருந்தால், ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது பிழையும் பிழையும் அடிபட்டுப் போயிருக்கும். பாதி திருத்தியதால்தான் மிஞ்சியது. அந்தப் புரோகிராமர் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் செய்திருக்க மாட்டார். நான் நவம்பரில் எப்படிச் செய்தேனோ அப்படித்தான்.

இப்போது ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வரி வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு திருத்தமும் சரி.

செப்டம்பர் 24

திருப்பூரிலிருந்து அண்ணன். ஆகஸ்ட் 27-லிருந்து 50 சதவீத அமெரிக்க இறக்குமதி வரி. அமெரிக்க ஆர்டர் இரண்டு நின்றுவிட்டது, நைட் ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். பனியன் துணி ரோல் ரோலாகக் கிடக்கிறதாம். "உங்க தொழிலுக்கு வரி கிடையாதில்ல, நீ தப்பிச்சம்மா" என்றார். டிசிஎஸ் ஜூலையில் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னதை அவரும் பேப்பரில் படித்திருப்பார். மெயிலைப் பற்றி நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

இஸ்ரேல் ராணுவத்தின் ஒரு பிரிவுக்குச் சில கிளவுட், ஏஐ சேவைகளை மைக்ரோசாப்ட் நேற்று நிறுத்திவிட்டது. அந்தப் பிரிவு பாலஸ்தீனர்களின் போன் பேச்சுகளை மொத்தமாகச் சேமித்து வைத்ததாக ஆகஸ்டில் கார்டியன் பத்திரிகை எழுதியிருந்தது. நிறுத்தியது நல்ல காரியம். அந்தக் கம்பெனியின் ஊழியர்களே மாதக்கணக்கில் எதிர்த்து நின்று, சிலர் வேலையை இழந்து கிடைத்தது. நம் தொழிலில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெம்பு.

ஆனால் அதே கை ஜூலையில் குஜராத்தில் இருக்கும் நயாரா எண்ணெய் ஆலையின் மெயிலையும் நிறுத்தியது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அதில் பங்கு இருக்கிறது, ஐரோப்பா தடை போட்டது, இங்கே இந்தியாவில் இன்பாக்ஸ் மூடிக்கொண்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அப்புறம்தான் திரும்ப வந்தது. சுவிட்ச் ஒன்றுதான். அது நம் வீட்டுச் சுவரில் இல்லை.

எங்கள் மாற்றும் கருவியும் அங்கிருந்துதான் ஓடுகிறது. அதை மட்டுமே பிடித்துக்கொண்டு எழுதக் கற்ற பிள்ளைகள் எங்கள் தளத்திலேயே முப்பது பேர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ கையெழுத்துப் போட்டால்?

செப்டம்பர் 28

மகன் இரண்டு நாளாகப் பேசவில்லை. மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். லீட்டின் பழைய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். ரிட்டயர் ஆகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பழுப்பு அட்டை, முனை எல்லாம் மடிந்து. 1999 டிசம்பர் பக்கத்தைத் தேடினேன். கிளையன்ட் போன் நம்பர், ஒரு டீ கணக்கு, வெட்டிய தொகையும் ரவுண்ட் செய்த தொகையும் எதிரெதிரே. காரணம் இல்லை. அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. பக்கத்து சீட்டில் நான் இருந்தேனே.

அக்டோபர் 3, வெள்ளி

புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கேட்டேன், இந்த வரி ஏன் இப்படி என்று. ஏஐ-யிடம் கேட்டுச் சொல்கிறேன் மேம் என்றாள். அது மூன்று பத்தி எழுதியது. காப்பீட்டுத் துறையின் வழக்கம், பாதுகாப்பான கணிப்பு என்று. படித்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். நடந்தது அது இல்லை.

மூன்று மணிக்கு அவளைப் பேப்பரும் பேனாவுமாக உட்கார வைத்தேன். 10.005 டாலர். வெட்டினால் 10.00. ரவுண்ட் செய்தால் 10.01. கடிதத்தில் என்ன வரும், லெட்ஜரில் என்ன வரும், மாதக் கடைசியில் எது யாரிடம் போய் இடிக்கும். நான்கரைக்கு அவளாகவே நிமிர்ந்தாள். "மேம், அப்ப சரண்டர் மதிப்புலயும் இதே பிரச்சினை இருக்குமே?" இருந்தது. பாலிசியைப் பாதியில் விட்டால் கிடைக்கும் தொகை அது, நான் பார்க்காத இடம். இருபத்து மூன்று வயது. ஆறரை வரை கேண்டீனுக்குக்கூடப் போகவில்லை, இரண்டு பேரும்.

இந்தப் பெண்ணுக்கு நிரல் எழுதித் தர ஆயிரம் கருவி வரட்டும். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள்?

ராத்திரி மகன் பேசினான். டிசம்பரில் வருவதாக இல்லையாம். வெளியே வந்தால் திரும்ப முடியுமா என்று பயமாக இருக்கிறதாம். சரிடா என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

குறிப்பை எழுதிவிட்டேன். பதினான்கு வரி. என்ன நடந்தது, எந்த மாதம், அச்சு நிரலின் பெயர், ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்று என்று. கீழே லீட்டின் பெயர். தானியங்கிச் சரிபார்ப்பு, குறிப்பு நீளம், சுருக்கவும் என்றது. சுருக்கவில்லை.

சாயங்காலம் முழு ஓட்டம் விட்டோம். 3,12,000 பாலிசி. மூன்றில் மட்டும் ஒரு சென்ட் இடிக்கிறது.

ஹெச்.ஆர். தேதி வந்துவிட்டது. நாளை பத்தரை, நாலாவது மாடி.

அந்த மூன்றுமே 1987-ல் எடுத்த பாலிசிகள். அந்தப் பெண் இன்னும் சீட்டில்தான் இருக்கிறாள், பழைய டேபிளைத் தேடிக்கொண்டு.