டயட்டில் இருந்தால் பன்னி சௌ கூடாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் யாரிடமாவது டயட்டில் இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நொடி "அப்போ பன்னி சௌ கிடையாதா?" என்றுதான் கேட்பார்கள். ஊரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் பெயரைக் கேட்டுப் பதறுவதால் சொல்லிவிடுகிறேன், இதில் முயலும் இல்லை, நீங்கள் நினைக்கிற அந்த மிருகமும் இல்லை. கால் பாகம் வெள்ளை ரொட்டியை நடுவில் குடைந்து, அந்தக் குழிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பையோ பீன்ஸ் குழம்பையோ சுடச்சுட ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டித் துண்டையே மேலே மூடி மாதிரி வைத்துத் தருவார்கள். கரண்டியெல்லாம் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். டயட்டில் இருந்துகொண்டே நான் இதைச் சாப்பிடுகிறேன். தினமும் இல்லை, வாராவாரமும் இல்லை, ஆனால் சாப்பிடுகிற அன்று பாதியை ஒதுக்கி வைக்காமல், குற்ற உணர்ச்சியும் இல்லாமல் சாப்பிடுகிறேன். எடையும் மெதுவாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கு என்னவென்று பார்ப்போம். ஒரு ரொட்டி 700 கிராம் என்றால் கால் பாகம் 175 கிராம். 100 கிராம் வெள்ளை ரொட்டியில் சுமார் 250 கலோரி, ஆக ரொட்டி மட்டுமே 430 கலோரியைத் தாண்டுகிறது. அதற்கு மேல் கறி, உருளைக்கிழங்கு, மேலே மிதக்கிற எண்ணெய் (எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையில் 4தான்). கடைக்குக் கடை மாறும், இருந்தாலும் மொத்தம் 900 என்று வைத்துக்கொள்கிறேன். வழக்கமான மதியச் சாப்பாடு 450 என்றால் அன்று கூடுதலாகப் போனது இன்னொரு 450. தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிற ஒருவருக்கு வாரத்தில் 3,500 மிச்சம், அதில் 450 போனால் இன்னும் 3,000க்கு மேல் இருக்கிறது. இதில் என்ன குடி முழுகிவிட்டது?

குடி முழுகுவது அதற்கப்புறம்தான். "சரி, இன்னைக்கு டயட் போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், சாயங்காலம் சமோசா, ராத்திரி ஐஸ்கிரீம், வீட்டில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட், எல்லாவற்றையும் அதுதான் உள்ளே அழைத்து வருகிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று விட்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், வயிறு நிறைந்தவர் செய்கிற இயல்பான காரியம். எப்போதும் கட்டுப்பாட்டோடு சாப்பிடுகிறவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டு ஒரு தடவை அறுந்ததும் இனி எதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனசு சொல்லிவிடுகிறது. அதனால்தான் 'சீட் டே' (cheat day), அதாவது டயட்டை மீறும் நாள் என்று ஒரு நாள் முழுவதையும் எழுதி வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை தின்பதற்கு அனுமதி கொடுத்தால் மனுஷன் தின்னத்தான் செய்வான். ஒரு வேளை, ஒரு தட்டு, அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. இரவு ரசம் சோறு சாப்பிட்டால் முடிந்தது விஷயம்.

இங்கே பான்டிங் என்று ஒரு டயட் பெரிய பைத்தியமாகவே இருந்தது, இப்போதும் பலர் விடவில்லை. அரிசி, ரொட்டி, உருளை எதையும் தொடாமல் கொழுப்பைச் சாப்பிடச் சொல்வது. 1863இல் தன் உடம்பு இளைத்த கதையைச் சிறு பிரசுரமாகப் போட்ட வில்லியம் பான்டிங் என்ற லண்டன்காரரின் பெயர் அது, அவருடைய தொழில் சவ அடக்க ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவில் அதைப் பிரபலமாக்கியவர் பேராசிரியர் டிம் நோக்ஸ். குழந்தைக்குத் தரும் உணவு பற்றி 2014இல் அவர் போட்ட ஒரு ட்வீட்டுக்காக விசாரணை வரை போய், 2017இல் அவர் மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்ததெல்லாம் தனிக்கதை. சிலருக்கு இந்த டயட் ஒத்துப்போகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் சிக்கல் வேறு. தட்டில் ஒரு துண்டு ரொட்டி விழுந்தாலே தோல்வி என்று நினைக்க வைக்கிற விதி எதுவாக இருந்தாலும், கல்யாணமும் காவடியும் கோயில் சாப்பாடுமாக ஓடுகிற நம் வாழ்க்கையில் அது எத்தனை மாதம் தாங்கும்?

பான்டிங்காரர்களைப் பயமுறுத்துகிற இன்னொரு சமாச்சாரம் மறுநாள் காலை எடை மெஷின். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் ஆக்கிச் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் மாவுச்சத்தே தொடாதவர் திடீரென்று ரொட்டியும் உப்புக் குழம்பும் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறிக் காட்டலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் செலவானது போக ஏழாயிரத்துச் சொச்சம் கலோரி உள்ளே போயிருக்க வேண்டும், அதற்கு வரிசையாக எத்தனை பன்னி சௌ என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வெளியே சாப்பிட்ட மறுநாள் நான் மெஷின் பக்கமே போவதில்லை.

புரட்டாசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமே இதுதான், நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பலருக்குத் தமிழ் சரளமாக வராது, ஆனால் புரட்டாசி வந்தால் மாதம் முழுக்க வீட்டில் கறியும் மீனும் கிடையாது. உடம்பு இளைக்கத் தோதான மாதம் என்றுதானே தோன்றும்? பாதிப்பேர் அந்த மாதத்தில்தான் ஏறுகிறார்கள். கறிக்குப் பதில் வடையும் பூரியும் சொஜ்ஜியும் பாயசமும் வந்து உட்காருகின்றன. சாமிக்குப் படைத்தது என்பதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, எண்ணெய்க்கு மட்டும் அது தெரியவா போகிறது! அப்புறம் விரதம் முடிகிற அன்று நண்டுக் குழம்பில் ஆரம்பித்து ஒரு மாத பாக்கியையும் ஒரே நாளில் தீர்ப்பார்கள்.

அதன் கையோடு தீபாவளி. தட்டுகள் வீடு வீடாகப் போய்வரும், முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்றெல்லாம் பார்க்காமல். பால் பவுடரும் டின் கிரீமும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த டர்பன் பர்ஃபி, நீளநீளமாக மேலே சர்க்கரை பூத்திருக்கும் இந்த ஊர் குலாப் ஜாமூன், நான்கட்டாய், மிக்சர். பக்கத்து வீட்டு ஆயாவிடம் "டயட் ஆயா" என்றால் "ஒண்ணு தின்னா செத்தா போயிடுவே, தின்னும்மா" என்பார். அவர் சொல்வது நியாயம்தான், அவர் கையால் செய்த பர்ஃபியை அவர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். மீதித் தட்டு வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டார் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்வோம், மறுநாள் மொத்தமும் ஆபீஸ் டேபிளுக்குப் போய்விடும். ஃப்ரிட்ஜில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு நின்றபடியே ஒன்று, திரும்பி வந்து இன்னொன்று என்று போகும். அதில் ருசிகூடத் தெரியாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது ருசியே தெரியாமல் உள்ளே போகிறவற்றின் மேல்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு நாளைக்கு நாலு டீ குடித்தால் வாரத்தில் 56 ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தாலும் 224 கிராம், ஏறக்குறைய 900 கலோரி. அதாவது வாராவாரம் ஒரு முழு பன்னி சௌவை, அதைச் சாப்பிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லாமல், டீயில் கரைத்துக் குடிக்கிறோம். டீயோடு தொட்டுக்கொள்ளும் வெண்ணெய் ரஸ்க், மீட்டிங்கில் வைக்கும் பிஸ்கட், மதியம் ஒரு கோலா. அரை லிட்டர் கோலாவில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில் சர்க்கரை பானங்களுக்கு வரி உண்டு, 100 மில்லிக்கு 4 கிராம் வரை விட்டுவிட்டு அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் என்று ஆரம்பித்தார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஏற்றி வந்த நம் ஆட்களை இறக்கியதே டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான், அந்தக் கரும்பு இப்போது பேரப்பிள்ளைகளின் இடுப்பில் வந்து நிற்கிறது. நான் டீயில் சர்க்கரையை நிறுத்தியபோது முதல் சில நாள் வாயெல்லாம் கசந்தது, அப்புறம் பழகிவிட்டது. பன்னி சௌவுக்கான இடம் அங்கிருந்துதான் வருகிறது.

உடற்பயிற்சி செய்துவிட்டு அதற்குக் கூலியாகச் சாப்பிடும் பழக்கமும் இங்கே உண்டு. சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் பார்க்ரன் என்று எல்லாரும் சேர்ந்து ஓடும், நடக்கும் நிகழ்ச்சி, 5 கிலோமீட்டர், கடற்காற்று, நல்ல கூட்டம், போவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தத் தூரத்தை நடந்தால் செலவாவது ஏறக்குறைய 300 கலோரி, முடிந்த கையோடு கடைக்குப் போகிறவர்கள் அதைப் போல மூன்று மடங்கை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நடப்பது இதயத்துக்கு நல்லது, முட்டிக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, அதற்காக நடங்கள்.

ஒரு விஷயம் மட்டும். இதெல்லாம் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு. இந்த ஊர் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் அது இல்லாத வீடு அபூர்வம் என்பதால் சொல்கிறேன். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் விரதம் என்று வேளை தவறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், விரதம் முடித்து இனிப்போடு உட்கார்ந்தால் அதே நாளில் எகிறவும் செய்யும். மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எவ்வளவு இனிப்பு தாங்கும் என்பதையெல்லாம் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்காதீர்கள், அவர் "தின்னும்மா" என்றுதான் சொல்வார்.