அத்தைக்கு இடம் தேடி அலைந்த மூன்று மாதம்

அத்தையைப் போன மாதம் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம். சேர்த்த அன்று ஆன வேலை ஒரு மணி நேரம்தான். அதற்கு முந்தைய மூன்று மாத அலைச்சலைத்தான் எழுதுகிறேன். பெங்களூரில் வீட்டுப் பெரியவர்களுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிற யாருக்காவது ஒரு பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகட்டும்.

அத்தைக்கு 78 வயது. கோலார் தங்கவயல்காரர். மாமா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் இருவரும் ராபர்ட்சன்பேட்டையை விட்டு வரவில்லை. குழந்தைகள் இல்லை. மாமா போன பிறகுதான் லிங்கராஜபுரத்தில் எங்களோடு வந்து இருந்தார். மறதி நோய் முற்றி, ராத்திரி இரண்டு மணிக்கு "ஷிப்ட் விடற நேரம்" என்று கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்க ஆரம்பித்ததும், இனி வீட்டில் முடியாது என்று ஆகிவிட்டது.

முதலில் பார்த்த இல்லம் ஹென்னூர் தாண்டி. வாசலிலேயே பெரிய பலகை: 'அரசுப் பதிவு பெற்றது'. உள்ளே போய், "ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே லேமினேட் செய்த இரண்டு தாள்களை நீட்டினார். கர்நாடக அரசு முத்திரையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அங்கேயே பத்தாயிரம் ரூபாயை ரொக்கமாக அட்வான்ஸ் கட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததோடு சரி, படிக்கவில்லை. இந்த ரசீது பிறகு வரும்.

வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த படங்களை என் மனைவி பெரிதாக்கிப் படித்தாள். ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்ட் பத்திரம். இன்னொன்று வருமான வரித் துறையின் 80ஜி சான்று. முதலாவது அப்படி ஓர் அறக்கட்டளை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி; இரண்டாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கும் என்பதற்கு. எத்தனை கட்டில், ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள், மாத்திரை யார் கொடுப்பார்கள் என்று இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

சரி, இல்லம் நடத்தவே தனியாக லைசென்ஸ் இருக்குமே, விசாரிப்போம் என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். ஃபைல் பார்க்கிற குமாஸ்தா (கேஸ் வொர்க்கர்) மீட்டிங்கில் இருக்கிறார், "நாளெ பன்னி" என்றார்கள். (கன்னடத்தில் 'வாருங்கள்' என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்த தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்பது வேறு விஷயம்.) மறுநாள் அவர் மூன்றரை மணி வரை உட்காரவைத்துவிட்டு, "அரசு மானியம் வாங்குகிற இல்லமென்றால் எங்களிடம் ஃபைல் இருக்கும். தனியார் இல்லத்துக்கு நாங்கள் லைசென்ஸ் கொடுப்பதில்லை" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று கோபம்தான் வந்தது.

ராத்திரி உட்கார்ந்து 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தைப் படித்தேன். மனிதர் பொய் சொல்லவில்லை. 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்குகிற மாதிரி மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாம்தான், அமைக்க வேண்டும் என்றில்லை. தரம் பற்றிய பேச்சும் அந்த இல்லங்களுக்கே. தனியார் இல்லங்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அந்த மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. முதல் நாளே இரண்டு வாக்கியத்தில் இதைச் சொல்லியிருந்தால் என் ஒரு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

ஆகவே 'பதிவு உண்டா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்பார்கள். எந்தச் சட்டத்தில், எதற்காகப் பதிவு என்று கேளுங்கள். நர்ஸ், டாக்டர், ஆக்சிஜன் எல்லாம் வைத்துச் சிகிச்சையும் கொடுக்கிறோம் என்று சொல்கிற இடமாக இருந்தால், கேபிஎம்இ, அதாவது கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஹென்னூர் மேனேஜரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு சார்" என்றார். பலகையிலோ '24 மணி நேர மருத்துவ வசதி'.

இரண்டாவது இடம் ஹொசகோட்டை சாலையில். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசியபோது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள் என்றார்கள். போனோம். சமையலறை வரை விட்டார்கள். நடத்துகிற அம்மா சிடுசிடுப்பானவர், ஆனால் காகிதம் எல்லாம் கச்சிதம். சிக்கல் என் பக்கம்தான். "மகனா?" என்றார். இவருடைய அண்ணன் மகன் என்றேன். "வாரிசு என்பதற்கு ஆதாரம் கொண்டுவாங்க." கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனை அணைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடித்தால்தானே?

ராபர்ட்சன்பேட்டை வீடு தாத்தா வழியில் அத்தைக்கு வந்தது. அதனால் அத்தைக்கு நான் வாரிசு என்று காட்ட, தாத்தா பேரில் வம்சவிருட்சம், அதாவது குடும்ப வம்சாவளிச் சான்று, வாங்க வேண்டியதாயிற்று. நோட்டரி அபிடவிட், ஆதார், மாமாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தங்கவயல் போகும் காலை மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். கவுன்டரில் கேட்டது என் அப்பாவின் இறப்புச் சான்றிதழ். தாத்தாவுக்கும் எனக்கும் நடுவில் அப்பா இருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தோன்றவில்லை. போக வர முழு நாள் வீண். மரத்தில் வருகிற, இறந்துபோன ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் வேண்டும். வீட்டிலேயே ஒரு தாளில் மரத்தை வரைந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த முறை வேலை முடிந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி, 'உடல்நிலை மோசமானால் 48 மணி நேரத்தில் அழைத்துச் செல்ல வேண்டும்'. அந்த அம்மாவோடு அரை மணி நேரம் வாதாடி, பேனாவால் அதை அடித்து 15 நாள் என்று எழுதவைத்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இந்த மூன்று மாதத்தில் நான் ஜெயித்த ஒரே இடம்.

அப்புறம் அந்த ரசீது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் பிரித்துப் பார்த்தேன். 'நன்கொடை' என்று போட்டிருந்தது. நன்கொடையைத் திருப்பித் தர முடியாதாம்; "80ஜியில் காட்டிக்குங்க சார்" என்றார் மேனேஜர். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் 80ஜி செல்லாது. செல்லுமென்றாலும், நான் புதிய வரி முறையில் இருக்கிறேன்.